கைத்தொலைபேசியில் திறக்காத கடை



சிறு வணிகர்கள் தங்களது பழைய இணையப் பக்கத்தைக் கைத்தொலைபேசிக்கு ஏற்பத் திருத்துவது அவசியமா, வீண் செலவா என்பது இன்றைய தலைப்பு. அவசியம் என்று பேச வந்திருக்கிறேன்.

"எங்கள் பக்கம் கணினியில் நன்றாகத்தானே தெரிகிறது?" என்று எதிரணி நண்பர் கேட்டார். தெரிகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் எங்கே நிற்கிறார்? லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஒரு கையில் குடையும் மறு கையில் தொலைபேசியுமாக, உங்கள் கடை எந்தப் பக்கம், இன்னும் திறந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு கேள்விக்கும் உடனே பதில் கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். போகிறவர் காரணம் சொல்லிவிட்டுப் போவதில்லை. அதனால்தான் இந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

"விரலால் பெரிதாக்கிப் பார்க்கட்டுமே" என்றார் இன்னொரு நண்பர். 2007ல் ஐபோன் வந்தபோது பெரும்பாலான பக்கங்கள் கணினிக்கென்று செய்தவை. ஆகவே அது, பக்கம் 980 புள்ளி அகலம் என்று வைத்துக்கொண்டு முழுவதையும் சுருக்கிக் காட்டியது. திரையின் அகலத்துக்கே காட்டு என்று பக்கத்தில் ஒரு வரிக் கட்டளை இல்லாவிட்டால், இன்றும் எழுத்து எறும்பளவுதான். அந்த வரியோடு, பக்கவாட்டில் இருக்கும் பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும்படியும் செய்ய வேண்டும். இப்படி ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் வளைந்து கொடுக்கும் முறையை ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2010லேயே எழுதிவிட்டார்.

"முகநூலும் வாட்ஸ்அப்பும் போதாதா?" என்கிறார்கள். நம்மைத் தெரிந்தவருக்குப் போதும். தெரியாதவர் கூகலில் தேடித்தான் வருவார். கைத்தொலைபேசியில் தேடுவோருக்கு, அதற்கேற்ற பக்கங்களை முன்னே காட்டும் முறையைக் கூகல் 2015 ஏப்ரலில் கொண்டு வந்தது. 2024 ஜூலைக்குப் பிறகு, கைத்தொலைபேசியில் அறவே திறக்காத பக்கத்தை அது தன் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. கணினியில் தேடுபவருக்கும் அந்தக் கடை இல்லாத கடைதான்!

நம் தமிழ்க் கடைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோடு பரவும் முன்பு தனி எழுத்துருவில் செய்த பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் புரியாத குறிகளாகச் சிதறிக் கிடக்கும். ஆசையாகத் தமிழில் எழுதி வைத்தது யாருக்கும் படிக்கக் கிடைக்கவில்லை என்றால் என்ன பயன்? யூனிகோடுக்கு மாற்றினால் தமிழும் தெரியும், தேடினாலும் கிடைக்கும்.

செலவைப் பற்றிப் பயமுறுத்தினார்கள். வீட்டை இடித்துக் கட்டச் சொல்லவில்லை, வாசலைச் சரிசெய்யச் சொல்கிறேன். முதலில் முகவரி, திறக்கும் நேரம், தொலைபேசி எண் மூன்றும் பக்கத்தின் மேலே வரட்டும். எண்ணைப் படமாகப் போடாமல், தொட்டால் அழைப்புப் போகும்படி இணைப்பாகப் போடுங்கள். பொத்தான் 9 மில்லிமீட்டராவது இருந்தால் பெரியவர்களின் விரலுக்கும் வசப்படும். புடவைப் படங்களைக் கேமராவில் எடுத்தபடியே ஏற்றாமல் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். உணவகத்தின் விலைப்பட்டியலை எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். ஃபிளாஷில் செய்த ஆட்டமும் பாட்டும் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபிளாஷுக்கு 2020 டிசம்பரோடு ஆதரவு நின்றுவிட்டது. அலங்காரத்தைக் கையில் காசு இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, "நம் கடை நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். உதவி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் கண்டுபிடித்துவிட்டால் எதிரணிக்கே வெற்றி என்று ஒப்புக்கொள்கிறேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தால், தீர்ப்பை நடுவர் சொல்லவேண்டியதில்லை, அவரே சொல்லிவிட்டார்.