பல்சா மரத்துச் சிறு விமானம்

பெரிய விமானத்தில் விமானி ஒருவர் அமர்ந்திருக்கிறார். மூக்குத் தாழ்ந்தால் நிமிர்த்துகிறார். ஒரு புறம் சாய்ந்தால் மறுபுறம் திருப்புகிறார். சிறுவன் ஒருவன் பல்சா மரத்தாற் செய்து எறியும் மாதிரி விமானத்திலோ எவரும் இல்லை. கையைவிட்டு நீங்கிய பின் அதைத் திருத்துவாரும் இல்லை. ஆதலால், விமானி பறக்கும்போது செய்யும் வேலையை, இங்கே பறக்குமுன் அமைப்பிலேயே செய்து முடித்துவிட வேண்டும். மாதிரி விமானக் கலையின் உயிர்நிலை இதுவே.

இதனைக் கண்கூடாகக் காட்டியவர் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர். 1871ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 18ஆந் திகதி, பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில், முறுக்கிய இறப்பரால் இயங்கும் சிறு விமானமொன்றை அவர் பறக்கவிட்டார். அது 11 செக்கனில் ஏறத்தாழ 40 மீற்றர் தூரம் பறந்தது. செட்டைகளின் நுனிகள் மேல்நோக்கி இருந்தமையால் அது பக்கஞ் சாயாது பறந்தது. வாற்செட்டையின் கோணம் முன்செட்டையினதிலும் சற்றுத் தாழ்ந்திருந்தமையால், மூக்குத் தாழும்போது காற்றே வாலைக் கீழே அழுத்தி மூக்கை நிமிர்த்தியது. மனிதரைச் சுமக்கும் விமானத்துக்கும் பெனோ திட்டம் வரைந்தார், பொருளுதவி கிட்டவில்லை. 1880இல், தமது 30ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இன்று இக்கலைக்கு உகந்த மரம் பல்சா. தென் அமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டிலிருந்தே இது பெருமளவு வருகிறது. ஐந்தாறு ஆண்டுகளிலேயே வெட்டும் பருவம் எய்துவது. ஒரு கன மீற்றர் தண்ணீரின் நிறை 1,000 கிலோகிராம். அதே அளவு பல்சாவின் நிறை ஏறத்தாழ 160 கிலோகிராமே. இலேசானது வலியற்றது என்று எண்ணுதல் தவறு. 1940இல் முதன்முறை பறந்த ‘மொஸ்கிற்றோ’ என்னும் பிரித்தானியப் போர்விமானத்தின் உடல், இரு மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கிடையே பல்சாவை வைத்தே அமைக்கப்பட்டது.

விமானஞ் செய்வோர் முதலில் அதன் உருவத்தை உண்மை அளவிற் கடதாசியில் வரைதல் வேண்டும். செட்டையின் நீளப்போக்கிலேயே மரத்தின் இழையும் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் முதல் வீழ்ச்சியிலேயே முறியும். அலகு கூர்மையாய் இருத்தல் அவசியம். மழுங்கிய அலகு பல்சாவை வெட்டாது, நசுக்கிவிடும். பசையை அளவோடு பூசுக. மிகுந்த பசை வீண்சுமை. பின்னர், செட்டையின் முன்விளிம்பிலிருந்து மூன்றிலொரு பங்கு தூரத்தில், இரு விரல்நுனிகளில் விமானத்தைத் தாங்கிப் பார்த்தல் வேண்டும். அது சமநிலையில் நிற்கும்வரை மூக்கிற் சிறிது களிமண்ணை ஒட்டலாம்.

காற்றடங்கிய மாலையிற் புற்றரையே சோதனைக்கு ஏற்ற இடம். மெல்ல, நேராக, சற்றே கீழ்நோக்கி எறிதல் வேண்டும். மூக்கை உயர்த்தித் தயங்கிப் பின் விழுந்தால், மூக்கிற் பாரம் போதாது; நேரே தரையை நோக்கிப் பாய்ந்தால், பாரம் மிகுதி. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே மாற்றினால், பயன் தந்தது எது என்பது தெரியாமற் போய்விடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் விமானம் விழுகிறதென்று, தாமே அதனைச் செய்து கொடுத்தல் ஆகாது. 1878இல் அமெரிக்காவிலே தந்தையொருவர், பெனோவின் முறையில் அமைந்த பறக்கும் பொம்மையொன்றைத் தம் புதல்வர் இருவருக்குக் கொடுத்தார். மூத்தவனுக்கு வயது 11, இளையவனுக்கு 7. அதைப் பார்த்து அவர்கள் தாமே வேறு சில செய்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அவை பறக்க மறுத்தன. காரணம் அந்த வயதில் அவர்களுக்கு விளங்கவில்லை; ஆயினும் கேள்வி மனத்தில் நிலைத்தது. 1903இல் இயந்திர விமானத்திற் பறந்து காட்டிய றைற் சகோதரர்கள் அவர்களே.

விழுந்த விமானத்தை எடுத்துவந்து, ஏன் விழுந்தது என்று பிள்ளை தானே ஆராயட்டும். அதற்குரிய பொறுமையைப் பெற்றோர் அளித்தாற் போதும்.