பூட்டிக் கிடக்கும் அறையைத் திறந்து கொடுங்கள்

(தையல் மெஷின் வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





மெஷின் வாங்க வந்திருக்கும் சகோதரிகளைவிட, அவர்களை அழைத்து வந்திருக்கும் வாப்பாமார்களிடமும் கணவன்மார்களிடமும்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு கொடுத்த மெஷின்களைப் பார்க்க வீடு வீடாகப் போனேன். பல வீடுகளில் தையல் நன்றாக நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சில வீடுகளிலோ மாடிப்படிக்கு அடியில், மேலே அரிசி மூட்டையோடு மெஷின் நிற்கிறது. ஒரு சகோதரி சொன்னார்: "ஹாலில்தான் தைத்தேன் காக்கா. ராத்திரி பாய் விரிக்க எல்லாவற்றையும் சுருட்டி வைப்பேன். வெட்டிய துணி மாறிப்போய் ஒரு கல்யாண ஜாக்கெட் கெட்டுவிட்டது. பிறகு யாரும் துணி தரவில்லை." அதே வீட்டில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து தங்கும் அறை.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் வீட்டிலும் விருந்தாளிக்கென்று ஓர் அறை பூட்டியே இருந்தது. என் மனைவி அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்து தைத்தார். ஊருக்கெல்லாம் மெஷின் கொடுத்த நான் வீட்டில் இடம் கொடுக்கவில்லை. போன ரமலானுக்குப் பிறகுதான் சாவியை அவரிடம் கொடுத்தேன்.

பெரிய செலவாகவில்லை. கட்டிலைச் சுவரோரம் தள்ளினோம். மெஷினில் ஊசி இருப்பது இடது கோடியில். அதனால் ஜன்னல் இடது கைப்பக்கம் வருமாறு மெஷினைப் போட்டோம். வெளிச்சம் நேராக ஊசியில் விழுகிறது. துணி வெட்ட, இடுப்பு உயரத்தில் ஒரு பிளைவுட் பலகையைக் கீல் வைத்துச் சுவரில் அடித்தோம். தரையில் குனிந்து வெட்டும் முதுகுவலி குறைந்தது. விருந்தாளி வந்தால் பலகையை மடக்கிவிடலாம், கட்டிலும் இருக்கிறது.

இஸ்திரிப் பெட்டி அதிக மின்சாரம் இழுக்கும். அதைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள்; மெஷின் மோட்டாரோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடாதீர்கள். வெட்டிய துணியை ஆளுக்கொரு பையில் போட்டு, பெயரும் கொடுக்கவேண்டிய தேதியும் எழுதி மாட்டுங்கள். உடைந்த ஊசிக்கு மூடியுள்ள டப்பா வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று முக்கியம். அளவு கொடுக்க வரும் பெண்கள், ஆண்கள் நடமாடும் ஹாலில் நிற்கக் கூச்சப்படுவார்கள். கதவுள்ள அறையும் ஒரு கண்ணாடியும் இருந்தால் தயங்காமல் வருவார்கள்.

தனி அறையே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே ஜன்னலோரம் ஒரு மூலையைக் கொடுங்கள். ஆனால் தினமும் எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள்.

மெஷினை அறக்கட்டளை கொடுக்கும். இடத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், மூன்று மாதம் கழித்து வருவேன். அப்போது மெஷின் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.