எழுத்தில் தொலைந்ததை எழுத்தால் மீட்போம்

(வலையபட்டியில் நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். நாங்களோ ஓட்டுநர் உரிமம் என்னும் ஒரு சிறிய அட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கல்விச் சங்கத்தின் விழாவில் ஓட்டுநர் உரிமத்திற்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். அந்த அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் விட்டதனால் நம் தெருவில் உலை வைக்க இயலாது போன வீடுகள் உண்டு. அதனைப் படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டதனால் மீண்டும் உலை கொதித்த வீடும் உண்டு. படிப்பு என்பது பட்டம் பெறுவதோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சாலை என்பது நமக்கு எளிதில் கிடைத்த பொருளன்று. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட எல்லா மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார்கள். தீர்மானம் நிறைவேறிய பின்னும் இப்பகுதி உடனே மாறிவிடவில்லை. நம் ஊர் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தில் 1930, 1931ஆம் ஆண்டுகளில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது விதித்த தடைகளை, 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்னும் ஆங்கிலேயர் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே உடை உடுத்தலாகாது, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பவற்றோடு, எந்தத் தேவைக்கும் ஊர்தியைப் பயன்படுத்தலாகாது என்பதும் அத்தடைகளுள் ஒன்று. எழுத்தும் ஊர்தியும் ஒரே பட்டியலில் நமக்கு மறுக்கப்பட்டன என்பதை இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும். நம் தந்தையர் தலைமுறையில் லாரியின் சக்கரத்தைக் கையில் பிடித்தவர்கள் வெறும் கூலி வேலையை விட்டுக் கைத்தொழிலுக்கு மாறியவர்கள் மட்டுமல்லர்; அந்தப் பட்டியலைக் கிழித்தவர்களும் அவர்களே ஆவர்.

அவ்வாறு பெற்ற உரிமை எப்படித் தொலைகிறது? யாரும் வந்து பறித்துச் செல்வதில்லை. ஒரு பதிவேட்டிலிருந்து மற்றொரு பதிவேட்டுக்கு எழுதும்போது ஒரு வரி விடுபட்டுப் போகிறது. அவ்வளவே.

நம் முதியவர்கள் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி புத்தக வடிவில் உரிமம் பெற்றவர்கள். 1985இல் இராமநாதபுரத்திலிருந்து நம் மாவட்டம் பிரிந்தது. 1988ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1989 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் கனரகச் சரக்கு வண்டி, கனரகப் பயணியர் வண்டி என்று தனித்தனியே இருந்த வகைகளை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் போக்குவரத்து ஊர்தி என்னும் ஒரே பெயருக்குள் அடக்கியது. அதன் பின்னர்ப் புத்தகங்கள் அட்டைகளாயின. கையெழுத்துப் பதிவேடுகள் கணினிக்கு ஏறின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒருவர் பார்த்து மற்றொன்றில் எழுதியாக வேண்டும். மோட்டார் சைக்கிளும் காரும் எழுதப்பட்டு, லாரி எழுதப்படாமல் போனால், முப்பது ஆண்டு லாரி ஓட்டியவரும் சட்டத்தின் கண்ணுக்கு லாரி ஓட்டத் தெரியாதவரே.

நம் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு இது நேர்ந்தது. 1980களில் கனரக உரிமம் பெற்றவர் அவர். 2009ஆம் ஆண்டளவில் ஓர் அலுவலகத்தில் பழைய புத்தகத்தைக் கொடுத்துப் புதிய அட்டை வாங்கினார். வாங்கிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குச் சென்றுவிட்டார். சில மாதம் கழித்து ஒரு வாகனச் சோதனையில், இந்த அட்டையில் லாரிக்கு இடமில்லையே என்று கேட்டபோதுதான் அவருக்குச் செய்தி தெரிந்தது. முதலாளி அன்றே வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. உரிய வகை உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அத்தொகையை உரிமையாளரிடம் திரும்ப வாங்க முற்படும். வண்டியை விற்றாலும் அக்கடன் தீராது.

அப்பெரியவர் சங்கத்திற்கு வந்தார். அவர் முன்பு வேலை பார்த்த காரைக்குடி லாரி முதலாளி ஒருவரிடம் பழைய புத்தகத்தின் நகல் இருந்தது நம் நல்லூழ். அதிலிருந்த உரிம எண், வழங்கிய நாள், வழங்கிய அலுவலகத்தின் முத்திரை ஆகியவற்றைக் குறித்து மனு எழுதினோம். முதலில் உரிமம் வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டிலிருந்து சான்று பெற்றோம். ஏழு மாதம் நடந்தோம். இறுதியில் விடுபட்ட வகை அட்டையில் ஏறியது. அவர் மீண்டும் லாரியில் ஏறினார்.

இனி மற்றொருவரின் செய்தியைச் சொல்ல வேண்டும். அவர் இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்றே சொல்கிறோம். அவருக்கும் அதே இழப்பு நேர்ந்தது; ஆனால் அவரிடம் பழைய புத்தகத்தின் நகல் இல்லை. ஐம்பதை நெருங்கிய அவரை, ‘புதுசா எழுதிக் குடு, போ’ என்று ஒருமையில் சொல்லி அனுப்பினார்கள். அவரும் அதனை நம்பி, லாரி ஓட்டும் உரிமத்தைப் புதிதாகக் கேட்டு விண்ணப்பித்தார். உடனே எட்டாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே என்னும் கேள்வி பிறந்தது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

போக்குவரத்து ஊர்தி ஓட்டுவோர் எட்டாம் வகுப்பேனும் தேறியிருக்க வேண்டும் என்னும் விதி 2007இல் வலுப்பெற்றது. ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் எழுதப்பட்டிருந்தது. முன்பே அவ்வுரிமம் வைத்திருப்போர் அதனைப் புதுப்பிக்கும்போது இக்கல்வித் தகுதி கேட்கப்படலாகாது என்பதே அவ்விலக்கு. அவர் கேட்டிருக்க வேண்டியது விடுபட்ட பழைய உரிமையின் திருத்தமும் புதுப்பித்தலும். அவர் கேட்டதோ புதிய உரிமம். ஒரு சொல்லின் வேறுபாடு. அந்த விலக்கை அன்று நாங்களும் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் முதல் அலுவலகத்தின் பதிவேட்டைத் தேடியிருப்போம். அவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அரியானா மாநிலத்து மேவாத் பகுதியின் ஏழை ஓட்டுநர்களுக்காக அம்மாநில அரசு கேட்டதையொட்டி, ஒன்றிய அரசு 2019இல் எட்டாம் வகுப்புத் தகுதியையே நீக்கியது. அதற்குள் அவருடைய கண்பார்வை மங்கிவிட்டது. மருத்துவச் சான்று கிடைக்கவில்லை. அவர் இழந்த ஆண்டுகளில் எங்கள் அறியாமைக்கும் பங்குண்டு. வெள்ளி விழா நாளில் வெற்றிகளை மட்டும் எண்ணுவது முறையாகாது என்பதனால் இதனையும் சொன்னோம்.

இத்தகைய இழப்பு கல்வியறிவு குறைந்த நாட்டில் மட்டும் நிகழ்வதென்று எண்ண வேண்டா. பிரிட்டனில் 1997 சனவரி முதல் நாளுக்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்கு, 7,500 கிலோ வரை எடையுள்ள வண்டியையும் சிறு பேருந்தையும் ஓட்டும் உரிமை சேர்ந்தே கிடைத்தது. பிற்காலத்தில் புதிய அட்டை வாங்கியபோது அவ்வகைகள் காணாமற்போயின என்று முறையிட்டவர்கள் அங்கும் உண்டு. எழுபது வயதில் மருத்துவத் தகுதி காட்டாவிட்டால் அவ்வுரிமை முறைப்படியே நீங்கிவிடும். ஆகவே சட்டப்படி நீங்கியது எது, தவறாக விடுபட்டது எது என்று பிரித்தறிவதே எந்த நாட்டிலும் முதல் வேலை.

நம் நாட்டிலும் அப்படியே. நம் அட்டையில் இரண்டு முடிவு நாள்கள் இருக்கும்: சொந்த வண்டிக்கு ஒன்று, போக்குவரத்து ஊர்திக்கு ஒன்று. முன்னது நீண்டது. பின்னது முன்பு மூன்றாண்டாக இருந்து, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐந்தாண்டாயிற்று. நீண்ட நாளைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். முடிந்த பின் 30 நாள் வரை செல்லும் என்றிருந்த சலுகை இப்போது இல்லை. முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டித் தேர்வு காட்ட வேண்டும். இது தவறால் நேரும் இழப்பன்று. நம் கவனக்குறைவால் நேர்வது.

நமக்குச் சார்பாக வந்த தீர்ப்பும் ஒன்று உண்டு. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகைக் காரையும் சிறு சரக்கு வண்டியையும் தனி ஒப்புதல் இன்றியே ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஐயம் எழுந்து அவ்வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குச் சென்றது. 2024 நவம்பர் 6ஆம் நாள் அவ்வமர்வும் அதனை உறுதி செய்தது. சிறு வண்டி ஓட்டும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருக்க வேண்டும். ஆனால் பெரிய லாரிக்கும் பேருந்துக்கும் இத்தீர்ப்பு வழிவிடாது என்பதையும் உடன் அறிய வேண்டும்.

இளைஞர்களே, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம்.

முதலாவது, எந்த ஆவணத்தையும் கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வீட்டில் ஒன்றும் சங்கத்தில் ஒன்றுமாக வையுங்கள். இரண்டாவது, புதிய அட்டை கைக்கு வந்த நாளிலேயே பழைய நகலோடு வகைவகையாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது, விடுபட்டிருந்தால் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். மனுவில் ‘புதிய உரிமம்’ என்று எழுதாதீர்கள், ‘முன்பே வழங்கப்பட்டு விடுபட்ட வகையைத் திருத்திச் சேர்த்தல்’ என்று எழுதுங்கள். நான்காவது, வாய்ச்சொல்லாக மறுத்தால் அதனை ஏற்காதீர்கள். உரிமத்தைப் புதுப்பிக்கவோ ஒரு வகையைச் சேர்க்கவோ மறுக்கும் அலுவலர், காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு கூறுகிறது. அவ்வாணை கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஐந்தாவது, பழைய பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் விடை தர வேண்டும். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளும் நமக்காகவே உள்ளது.

தரகரிடம் பணம் கொடுத்தால் எல்லாம் முடியும் என்பார்கள். தரகர் முடிக்கும் வேலையில் நம் கையில் தாள் எதுவும் மிஞ்சாது. அடுத்த முறை விடுபடும்போது காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இராது.

இவ்விழாவின் நினைவாகச் சங்கத்தில் ஒரு பதிவேடு தொடங்க எண்ணியுள்ளோம். நம் ஊர் ஓட்டுநர் ஒவ்வொருவருடைய உரிம எண்ணும், வகைகளும், இரண்டு முடிவு நாள்களும் அதில் இடம்பெறும். முடிவு நாளுக்கு மூன்று திங்கள் முன்னரே அவரவர் வீட்டுக்கு ஆள் சென்று சொல்லும். அப்பதிவேட்டை எழுதும் பொறுப்பைக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், ஏற்க வேண்டுகிறோம். நாங்கள் சொன்ன அந்த நண்பர், தம் பேத்தியே முதற்பக்கத்தை எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முதற்பெயராக அவர் பெயரையே எழுதுவோம். அவர் பெயருக்கு எதிரே, 2007க்கு முன் அவர் வைத்திருந்த வகைகள் அனைத்தையும் விடுபடாமல் எழுதுவோம். சட்டப்படி அதற்கு இன்று பயன் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆயினும் அவர் லாரி ஓட்டியவர் என்பது எங்கேனும் ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.