கொரிந்து நகரத்து விருந்தும் நம்ம ஊர்க் கல்லறையும்

(ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'அருங்கொடை இயக்கமும் மரபு வழிபாடும்: கத்தோலிக்கத்துக்குள் இரு பார்வைகள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தரப்பும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். காலையில் பேசிய நண்பர், கிதாரும் கைதட்டலும் கோயிலைக் கூத்துக் கொட்டகை ஆக்கிடுச்சு என்றார். அடுத்துப் பேசிய அக்கா, அதுக்கு முந்தி கோயில் எழவு வீடு மாதிரிதானே கெடந்துச்சு என்று கேட்டார். நான் நடுவில் நின்று சமாதானம் பேச வரவில்லை. இந்தச் சண்டை சேரியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வரலாறு கொஞ்சம் பார்த்துவிடலாம். 1962 முதல் 1965 வரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்தது. அதுவரைக்கும் பூசை லத்தீனில். சாமியார் பீடத்தைப் பார்த்து நிப்பார், சனங்க அவர் முதுகைப் பார்த்து முழங்கால் போட்டுச் செபமாலை உருட்டிக்கிட்டிருக்கும். 1963 டிசம்பரில் வந்த வழிபாட்டு ஏடு மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்துவிட்டது. 1967-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், டுகேன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தியானத்துக்குப் போன இடத்தில் அருங்கொடை இயக்கம் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. 1975-ல் போப் ஆறாம் பவுல் அவர்களை ரோமில் வரவேற்றார். 1990களில் கேரளத்துச் சாலக்குடி பக்கம் முரிங்ஙூர் தியான மையத்துக்கு நம்ம ஊர்களிலிருந்து வண்டி கட்டிப் போனார்கள்.

மேலிடத்திலும் கருத்து ஒரே மாதிரி இருந்ததில்லை. மறைந்த போப் பிரான்சிஸ், ஒரு காலத்தில் இந்த அருங்கொடைக்காரர்களைக் கண்டாலே தனக்கு ஆகாது, வழிபாட்டைச் சம்பா நடனப் பள்ளியோடு குழப்புகிறார்கள் என்று நினைத்ததாக அவரே சொன்னார். பிறகு அவரே அவர்களைத் தழுவிக்கொண்டார். 2007-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் பழைய லத்தீன் பூசைக்குத் தாராளமாக வழிவிட்டார். 2021-ல் பிரான்சிஸ் அதற்குக் கடிவாளம் போட்டார். ஆக, ரோமிலேயே முடியாத வழக்கு இது.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

அருங்கொடைக் கூட்டம் நம்ம பொம்பளைகளுக்கு என்ன கொடுத்தது? வாய் கொடுத்தது. நாத்து நட்டுட்டு, சூளையில கல் அறுத்துட்டு வர்றவ, கோயிலில் பின்வரிசையில் தரையில் உட்கார்ந்தவ. வாசகம் வாசிக்க அவளைக் கூப்பிட்டதில்லை. பாடற்குழுவில் அவ பிள்ளைக்கு இடமில்லை. அவ செபக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்கிறாள். புருசன் குடி, கந்துவட்டி, பிள்ளைக்கு வந்த சீக்கு, எல்லாத்தையும் நாலு பேர் முன்னாடி சொல்லி அழுகிறாள். வாயை மூடுடீன்னு யாரும் சொல்லவில்லை. ஒப்பாரியிலே ஊறி வந்த சனம் நாம. சத்தம் போட்டு அழுறது நமக்கு வெளிநாட்டுச் சரக்கு கெடயாது. நம்ம வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்காத சாதிக்காரன், செபிக்கிறதுக்காக நம்ம தலையில் கை வைக்கிறான். இதைச் சின்ன விசயம் என்று நான் சொல்லமாட்டேன். 'வெறும் உணர்ச்சி வெறி' என்று படித்தவர்கள் ஒதுக்குகிறபோது, அந்தப் பொம்பளை வாய் திறந்ததையும் சேர்த்து ஒதுக்குகிறார்கள்.

ஆனால் அதே மேடையில் இன்னொன்றும் நடக்கிறது. நான் கேட்ட ஒரு கூட்டத்தில் போதகர் சொன்னார்: உங்க குடும்பத்தில் வறுமை தீரவில்லையா, அது வம்சச் சாபம், உங்க பாட்டன் பூட்டன் பேயைக் கும்பிட்டிருப்பான், பேய்க்கு மேளம் அடிச்சிருப்பான், அந்தக் கட்டை அறுங்க. எங்க தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து, மாமனார் அடிச்ச பறையைத் தூக்கி வெளியே போடச் சொன்னாள். அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டில் சோறு பொங்கவில்லை. தோழர்களே, 1892-ல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் சாபத்தால் போகவில்லை, பத்திரத்தால் போச்சு. கூலி குறைஞ்சது பேயால் இல்லை, பண்ணையாரால். அடிச்சவனை விட்டுட்டு அடிபட்டவன் பாட்டனைக் குற்றவாளி ஆக்குகிற செபத்தை நாம் கேள்வி கேட்காமல் விட முடியாது.

இனி மரபு. மரபு முழுக்க அவங்களுது என்று விட்டுக்கொடுக்கவும் நான் தயாரில்லை. இலங்கையில் 18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் சாமியார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவசுகாலத்தில் ராகம் போட்டுப் படிப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத எங்க பாட்டி அதில் பக்கம் பக்கமாகச் சொல்லும். மகனைப் பறிகொடுத்த மாதாவோட சேர்ந்து தன் துக்கத்தையும் அழுது தீர்த்துக்கும். கொடியேற்றம், நவநாள், சப்பரம் எல்லாத்திலும் நம்ம உழைப்பு இருக்கிறது. வடம் பிடிக்க நம்ம தோள் வேணும். ஆனா மண்டகப்படி யாருக்கு? தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும்? மரபைக் காப்பாத்தணும்னு சொல்றவங்க இந்தக் கேள்விக்கு மட்டும் 'அது ஊர் வழக்கம்' என்பார்கள்.

அந்த ஊர் வழக்கத்துக்குச் செங்கல் சாட்சி இருக்கிறது. வடக்கன்குளம் கோயிலைக் கால்சட்டை மாதிரி இரண்டு பக்கமாகக் கட்டி, வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலானவர்களுக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல் அந்தச் சுவரை இடித்தபோது, திரும்பக் கட்டணும் என்று உயர்நீதிமன்றம் வரை போனார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவனுக்கும் சாதிச் சுவர் வைத்தார்கள். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச்சில் அங்கே வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு. இரண்டு தரப்புக் கையிலும் அதே செபமாலைதான்.

இடையில் மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்தது. வழிபாட்டை இந்தியமயமாக்குகிறோம் என்றது. 1969-ல் ரோம் 12 அம்சங்களுக்கு அனுமதி கொடுத்தது. சம்மணம் போட்டு உட்காருவது, கைகூப்புவது, ஆரத்தி, எண்ணெய் விளக்கு. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். 1606-ல் மதுரைக்கு வந்த தெ நோபிலி பிராமணச் சந்நியாசி வேடம் போட்டார். 360 வருசம் கழித்தும் 'இந்தியப் பண்பாடு' என்று தேடியவர்கள் கண்ணுக்குக் கருவறைதான் தெரிந்தது. சேரியும் பறையும் தெரியவில்லை.

இரண்டு தரப்பும் வேதம் எடுத்துக் காட்டுகிறீர்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் எடுப்பது ஒரே நிருபம்: பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம். அருங்கொடைக்காரர்களுக்கு 12ஆம், 14ஆம் அதிகாரம். வரங்கள், பரவசப் பேச்சு எல்லாம் அங்கேதான் வருகிறது. மரபுக்காரர்களுக்கு 11ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. தகுதியில்லாமல் நற்கருணை வாங்கினால் தண்டனை என்கிற பகுதி அது. நாவிலா கையிலா, முழங்கால் போட்டா நின்றா என்று சண்டை போடும்போது அதைத்தான் காட்டுகிறார்கள்.

ஆனா பவுல் எதுக்காக அதை எழுதினார்? கொரிந்தில் ஆண்டவருடைய விருந்துக்குக் கூடுகிறார்கள். வசதியுள்ளவன் முந்திக்கொண்டு தின்று குடித்து வெறித்துக் கிடக்கிறான். இல்லாதவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். இல்லாதவனை வெட்கப்படுத்துகிறீர்களே என்று பவுலுக்குக் கோபம். அவர் சொல்லும் தகுதியின்மை இதுதான். கை கழுவினியா, முழங்கால் போட்டியா என்று அவர் கேட்கவில்லை. ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்கள் என்று முடிக்கிறார். அடுத்த அதிகாரத்தில் வரங்களைப் பற்றிப் பேசும்போதும், ஒரே உடம்பின் உறுப்புகள், மதிப்புக் குறைந்ததாக நினைக்கிற உறுப்புக்குத்தான் அதிக மதிப்பு என்கிறார். அப்போ வரம் பேசுகிற அதிகாரமும் பயபக்தி பேசுகிற அதிகாரமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. அந்த விருந்தில் கடைசியில் நிற்கிறவன் யார்? நம்ம ஊரில் அது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால் எந்த வழிபாடு சரி என்று என்னைக் கேட்டால், நாலு விசயம் பார்த்துச் சொல்வேன். பெரிய வியாழன் அன்று கால் கழுவ உட்காரும் 12 நாற்காலியில் சேரிக்காரன் இருக்கிறானா? 2016-ல் ரோம் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. நம்ம தாய்மாரில் ஒருத்தியாவது அங்கே உட்கார்ந்தாளா? தேர் நம்ம தெருவுக்கு வருதா? நம்ம பிள்ளை பீடத்தில் உதவி செய்யுதா, பறை பீடம் வரைக்கும் போகுதா? நம்ம பாடை எந்தத் தெரு வழியாப் போகுது, எந்தப் பக்கம் புதைக்கிறாங்க?

செபக்கூட்டத்தில் தலையில் வைத்த கை, மறுநாள் நம்ம பாடைக்குத் தோள் கொடுக்க வருமானால் அதை ஆவியின் வேலை என்று நான் ஒத்துக்கொள்கிறேன். லத்தீனில் பாடுகிறவன் கல்லறைச் சுவரை இடிக்கக் கடப்பாரை எடுத்தால் அவனோடும் சேர்ந்து பாடுகிறேன். அர்த்தம் புரியாட்டிப் பரவாயில்லை, பாட்டிக்கும் புரியாமல்தான் இருந்தது.

2003-ல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாடு கூடாது என்று சொன்னார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று கொள்கை ஏடே வெளியிட்டது. 2022-ல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால் ஆனார். ஏட்டுக்குப் பஞ்சமில்லை. இந்த வருசத் திருவிழாவுக்குக் கூட்டம் போடும்போது தேர்ப் பாதையை முதல் பொருளாக வையுங்கள். செபக்குழுக்காரர்களும் மாதா சபைக்காரர்களும் ஒன்றாகப் போய்ப் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். அன்னைக்கு யார் வருகிறார்கள், யார் நழுவுகிறார்கள் என்று பார்த்துக்கொள்வோம்.

நான் பேசியதில் மறுப்பு இருந்தால் இப்பவே சொல்லுங்க. விவாதிக்கலாம்.