பாகூர் வரை நடந்தால்

கிருமாம்பாக்கத்தில் கடலூர்ச் சாலையினின்றும் மேற்கே பிரியும் வழி பாகூருக்குச் செல்கிறது. பேருந்தில் அவ்வழியே நாள்தோறும் போய்வருவோர் பலர். ஆயினும், வயலுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று நின்று வினவுவதற்கு நடந்து போவோர்க்கே பொழுது வாய்க்கும். இங்கிலாந்தில் சிற்றூர்த் தேவாலயங்களை நடந்தே கண்டு, கல்லறை எழுத்துகளையும் படித்து, ஊர் வரலாறு எழுதுவோர் உளர். நம் கோயில்களும் அத்தகையோரை வேண்டி நிற்கின்றன.

பாகூரின் பழம்பெயர் வாகூர். 1879இல் கண்டெடுக்கப்பெற்ற பாகூர்ச் செப்பேடுகள், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 877இல், பொறிக்கப்பெற்றவை. வேசாலிப் பேரரையன் நிலைதாங்கியின் வேண்டுகோளின்படி சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் வாகூரின் கல்வி நிலையத்திற்கு அளிக்கப்பெற்றன. வடமொழிப் பகுதி அந்நிலையத்தைக் கங்கையைச் சடையில் தாங்கிய சிவனோடு ஒப்பிடுகிறது. கவிஞர்கள் அவ்வுவமையில் மயங்குவது இயல்பே. ஆயின் கொடையின் நடைமுறையைத் தமிழ்ப் பகுதியில்தான் காணவேண்டும். அக்கல்வி அந்தணர்க்கு உரியதாயிருந்தது. அதனைத் தாங்கியதோ மூன்று ஊர்களின் விளைச்சல். அங்கு உழுதவர்களின் பிள்ளைகள் எங்கே பயின்றனர் என்னும் வினா, பாகூரின் பெருமையைப் பேசும் மேடைகளில் எழுவதே இல்லை. எழவேண்டும். கடுவனூர் என்னும் பெயர் இன்றும் அப்பக்கத்தில் ஊர்ப்பெயராய் வழங்குகிறது. அவ்வூர்வரை நடந்து பார்க்கலாமே!

மூலநாதர் கோயிற் சுவர்களில் சோழர் கல்வெட்டுகளோடு இராட்டிரகூடக் கன்னரதேவன் காலத்தவையும் உள்ளன. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைத் திரட்டியவர் பாகூரைத் தம் பெயரிலேயே கொண்ட புலவர் குப்புசாமி. விஜயவேணுகோபால் பதிப்பில் அத்தொகுப்பு 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. திருப்பணி என்ற பெயரால் சுண்ணாம்பு பூசியும் மணல் வீச்சால் தேய்த்தும் எழுத்துகள் அழிந்த கோயில்கள் தமிழகத்தில் உண்டு. படியெடுத்தபின் அழிந்தால் படியேனும் எஞ்சும்; அதற்குமுன் அழிந்தால் அதுவும் இல்லை.

1752இல் ஆங்கிலேயத் தளபதி லாரன்சு, பிரெஞ்சுப் படையை இவ்வூர்ப் பக்கத்தில் தோற்கடித்துக் கெர்ழானைச் சிறைப்பிடித்தான். பாடநூல்கள் பாகூரை நினைப்பது பெரும்பாலும் அப்போரின் பொருட்டே.

ஏரிக்கரையில்தான் நெடுநேரம் நிற்கவேண்டும். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. தென்பெண்ணையின் நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து இதற்குக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். சிங்காரி, பங்காரி என்னும் ஆடல்மகளிர் இருவரோடு இந்நீர்வழியை இணைத்து ஊரார் கதை சொல்வர். பங்காரு என்பது தெலுங்கில் பொன், சொர்ணமும் பொன்னே. இவ்விரு பெயர்களிலிருந்தே கதை முளைத்திருக்கக்கூடும். எனினும், அரசர்க்கும் அந்தணர்க்கும் செப்பேடு இருக்க, ஆடல்மகளிர்க்கு ஊரார் ஒரு வாய்க்காலையே உரிமையாக்கிப் பேசிவருகின்றனர். அக்கதையை அறிந்த முதியோர் கரையோர ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். கழகத்துக் கவிஞர்கள் குறிப்பேட்டோடு அவர்களிடம் முதலில் செல்லட்டும். கல்லெழுத்தை அடுத்த நடையில் படிக்கலாம்.