ஹைட்டியின் அரிசி

கரீபியன் கடலில் ஹைட்டி என்று ஒரு சின்ன நாடு. நம்மைப் போலவே அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள். அர்த்திபோனித் ஆற்றுச் சமவெளிதான் அவர்களுடைய நெற்களஞ்சியம். ஒரு காலத்தில் தங்களுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கை அவர்களே விளைவித்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டு அரிசி வந்தால் துறைமுகத்தில் வரி உண்டு. 1995-இல் அந்த வரியைக் குறைத்தார்கள். எவ்வளவு? நூற்றுக்கு 3 ரூபாய்தான் மிச்சம். அமெரிக்காவும் கடன் கொடுத்தவர்களும் தந்த நெருக்கடி.

அவ்வளவுதான். அமெரிக்க அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. விலை மலிவு. ஏன் மலிவு? அங்கே விவசாயிக்கு அரசாங்க மானியம். உழவர் சந்தையில் பக்கத்துக் கடைக்காரருக்கு உரச் செலவை மாமனார் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயை அவர் எந்த விலைக்கும் தள்ளிவிடுவார். உங்களால் முடியுமா?

நகரத்து ஏழைக்கு முதலில் லாபம்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வரி குறைந்ததும் வயல்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. பலர் பிழைப்புத் தேடித் தலைநகரத்துச் சேரிகளுக்குப் போனார்கள். 2008-இல் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. வாங்கக் காசில்லை, சொந்த விளைச்சலும் போதவில்லை. தெருவெல்லாம் கலவரம். பிரதமர் பதவியே போயிற்று.

வரியைக் குறைத்தபோது அமெரிக்க அதிபராக இருந்தவர் பில் கிளின்டன். 2010-இல் செனட் குழுவின் முன்னால், அது தவறு என்று ஒப்புக்கொண்டார். தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு அது உதவியிருக்கலாம், ஹைட்டிக்கு உதவவில்லை என்றார். ஹைட்டி சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி இன்றும் கப்பலில்தான் வருகிறது.