26 நாளும் மூன்று ஆண்டும்



சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். "சேர், நவம்பரில ஒரே மாதத்தில ஒரு நாவல் எழுதி முடிக்கப் போறன். அதுக்கு முதல் திட்டம் போட வேணுமோ, இல்லாட்டி எழுத எழுத வருமோ?" என்று கேட்டான். அன்று அவனுக்குச் சரியான மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை. இன்றைய பேச்சே அந்த மறுமொழி.

ஒரு மாத நாவல் என்னும் இப்பந்தயம் 1999 யூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோப் பகுதியில் தொடங்கியது. கிறிஸ் பேற்றி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அது நவம்பருக்கு மாறியது. இலக்கு 50,000 சொற்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667. முன்கூட்டியே குறிப்பெழுதலாம், கதைமாந்தரை வகுக்கலாம். நாவலின் வாசகத்தை மாத்திரம் எழுதலாகாது என்பது தொடக்ககால விதி. பின்னர் உலகெங்கும் பரவிய இம்முயற்சியை நடத்திய நிறுவனம் 2025 இல் மூடப்பட்டது. நவம்பரில் எழுதும் ஆசை மூடப்படவில்லை என்பதற்கு என் மாணவனே சாட்சி.

இதற்கு 133 ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் இப்பந்தயத்தை ஓடியிருக்கிறார். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி கடன் தொல்லையால் ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளருடன் ஒப்பந்தம் செய்திருந்தார். 1866 நவம்பர் முதலாந் திகதிக்குள் புதிய நாவலொன்றைக் கொடுக்காவிட்டால், அவருடைய எழுத்துகளை ஒன்பது ஆண்டுகள் பணம் கொடாமலே வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். 'குற்றமும் தண்டனையும்' நாவலில் மூழ்கியிருந்தவர், ஒக்ரோபர் பிறந்தபோதும் இதைத் தொடங்கியிருக்கவில்லை. நண்பர்கள் அத்தியாயங்களைப் பங்குபோட்டு எழுதித் தர முன்வந்தார்கள். பிறர் எழுத்தின்கீழ் தன் பெயரை இட அவர் சம்மதிக்கவில்லை. சுருக்கெழுத்துக் கற்ற அன்னா என்ற இருபது வயதுப் பெண்ணை அமர்த்தினார். பகலில் அவர் சொல்லச் சொல்ல அன்னா குறித்துக்கொண்டார். இரவில் வீட்டிலிருந்து படியெடுத்தார். 26 நாளில் 'சூதாடி' நாவல் முடிந்தது. பதிப்பாளர் அகப்படாமற் போகவே, பொலிஸ் நிலையத்தில் கையெழுத்துப் படியை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றார். அடுத்த ஆண்டு அன்னாவையே மணந்துகொண்டார்.

26 நாளை எல்லோரும் வியக்கிறோம். ஆனால் 1863 இல் ரோமிலிருந்து நண்பர் ஸ்திராகோவுக்கு எழுதிய கடிதத்திலேயே, சூதாட்ட மேசையில் தன் உயிராற்றல் முழுவதையும் கொட்டும் ரஷ்யன் ஒருவனின் கதையை அவர் விவரித்துவிட்டார். அம்மேசையில் தோற்ற அனுபவமும் அவருக்கு இருந்தது. கை எழுதியது 26 நாள். மனம் சுமந்தது மூன்று ஆண்டு.

இனி என் தோல்வியைச் சொல்கிறேன். 2019 நவம்பரில் நானும் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அந்த இரவை எழுத எண்ணினேன். மழை, சைக்கிள்கள், நாவற்குழிப் பாலம் எல்லாம் தாமாகவே வந்தன. ஒன்பதாம் நாள் குடும்பம் பாலத்தைக் கடந்தது. அதன்பின் ஒரு வரியும் வரவில்லை.

திட்டமில்லாமையே காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மை வேறு. "வீட்டைப் பார்க்க நான் இருக்கிறன், நீங்கள் போங்கோ" என்று படலையில் நின்று சொன்ன அம்மம்மாவை என் கதையில் நான் சேர்க்கவே இல்லை. 1996 இல் நாங்கள் திரும்பியபோது வீடு இருந்தது, அவ இல்லை. அந்தப் பக்கத்துக்குப் போகப் பயந்துதான் மழையையும் பாலத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

ஆகவே தம்பி, திட்டம் போடு. அத்தியாயப் பட்டியல் பிறகு வரட்டும். இது யாருடைய கதை, அவர் எதை விரும்புகிறார், எதை இழக்கிறார் என்று ஒரு தாளில் எழுது. பிறகு, எந்தப் பக்கத்தை எழுத நீ பயப்படுகிறாய் என்று உன்னையே கேள். அப்பக்கத்துக்குப் போகும் வழிதான் உன் திட்டம். அது தெரிந்துவிட்டால் நாளுக்கு 1,667 சொற்கள் பெரிய காரியமல்ல.

என் கொப்பியில் இப்போது முதல் வரியில் படலை இருக்கிறது. இந்த நவம்பரில் உன்னோடு சேர்ந்து நானும் எழுதப் போகிறேன்.